மகளின் குரலுக்கு இஸ்திரி போட்ட கதை

ரெம்பியா, மலாக்கா,
வியாழக்கிழமை, பசியாறிய பிறகு.

மதிப்பும் மரியாதையும் கொஞ்சம் பயமும் கலந்த அன்புக்குரிய மச்சான் சுகுமாரன் அவர்களுக்கு, தங்கள் தங்கையைக் கட்டிக்கொண்ட கணேசமூர்த்தி இரு கை கூப்பி எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் தேவமலரும் அம்மன் தயவில் நலம். தங்கா பத்து ஊரில் தாங்களும் அக்காவும் நலமாயிருக்க வேண்டுகிறேன். கோயில் கொடியேற்றத்தன்று ஏறிய தங்கள் ரத்தக்கொதிப்பு இதற்குள் இறங்கியிருக்க வேண்டும் என்று தனியாக ஒரு வேண்டுதலும் வைத்திருக்கிறேன். குடும்ப வாட்சப் குரூப்பிலிருந்து என்னை எடுத்துவிட்டீர்கள். போன் அடித்தால் முழுக்க அடித்து ஓய்கிறது. வேறு வழியில்லாமல் பேனா பிடித்திருக்கிறேன். கடைசியாக நான் தங்களுக்குக் கடிதம் எழுதியது தங்கள் தங்கையைப் பெண் கேட்டு. அதற்கும் தாங்கள் பதில் போடவில்லை, ஆனாலும் காரியம் நடந்தது. அந்த தைரியத்தில்தான் இதையும் எழுதுகிறேன்.

முதலில் என் மானம் போன கதையை நானே சொல்லிவிடுகிறேன், அடுத்தவர் வாயில் அது இன்னும் நீளமாகிவிடும். கொடியேற்றத்தன்று சாயங்காலம் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு மோர்ப் பந்தலுக்குப் பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். ஸ்பீக்கரில் பாட்டு வந்ததும் யாராவது "யாருங்க பாடுறது?" என்று கேட்பார்கள், "நம்ம பொண்ணுதான், அயர்லாந்துல நர்ஸா இருக்கா" என்று அலட்சியமாகச் சொல்லலாம் என்று வசனம்கூட ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். பாட்டும் வந்தது. ஆயர் குரோவிலிருந்து வந்த ஓர் அம்மா, நான் எதிர்பார்த்தபடியே என் பக்கம் திரும்பி, "யாருங்க பாடுறது? லிப்ட்ல மாடி நம்பர் சொல்லுமே, அந்தப் பொம்பளையா?" என்று கேட்டார். பின்னால் ஒரு பெரியவர், "மூச்சே விடாம பாடுதேலா இந்தப் புள்ள. உசுரோடதான் இருக்கா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அந்த அம்மா விடவில்லை. "உங்களுக்குத் தெரியுமாங்க யாருன்னு?" "தெரியலயேங்க. யாரோ வெளியூர் போல" என்று சொல்லிவிட்டு ஒரு கிளாஸ் மோரை வாங்கி அதற்குள் முகத்தை வைத்துக்கொண்டேன். நான் சொன்னதில் வெளியூர் என்பது மட்டும்தான் உண்மை, மச்சான்.

இந்த வினை எங்கே ஆரம்பித்தது என்று தங்களுக்குத் தெரியாதது இல்லை, இருந்தாலும் என் பக்கத்து நியாயத்தையும் கேட்க வேண்டும். தாங்கள் இயற்றிய அம்மன் பாட்டை, தங்கா பத்துக்கும் தங்கத்துக்கும் எதுகை போட்ட அந்தப் பாட்டை, என் மகள் திவ்யா பள்ளியில் இரண்டாம் பாரம் படிக்கும்போதிலிருந்து வருடம் தவறாமல் பாடி வந்தாள். அவள் பாடிய பிறகுதான் கொடி ஏறும், இரதம் நகரும். இந்த வருடம் அவள் இல்லை என்றதும் நிர்வாகக் கூட்டத்தில் எல்லாரும் யாரைப் பாட வைக்கலாம் என்று பேச ஆரம்பித்தார்கள். யாரும் கேட்காமலே நான் எழுந்து, "எதுக்கு வேற ஆளு? திவ்யா அங்கேர்ந்து பாடி அனுப்புவா, நான் கம்ப்யூட்டர்ல செட் பண்ணித் தர்றேன்" என்றேன். தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவன், மூன்றாம் பாரத்தோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன், கம்ப்யூட்டரில் எனக்குத் தெரிந்தது அதைத் திறப்பதும், தானாக அது மூடிக்கொண்டால் தேவமலரைக் கூப்பிடுவதும்தான். தாங்களும் அன்றைக்கு "முடியுமா மூர்த்தி?" என்று கேட்டீர்கள். "ஆ, ஒரு மூச்சுல முடிச்சிடலாம்" என்றேன். சொன்னபடி அந்த மூச்சையும் சேர்த்தே முடித்துவிட்டேன்.

பிள்ளை பாடி அனுப்பினாள். அவளோடு ஒரே வீட்டில் இருக்கிற பிள்ளைகள் டியூட்டி முடிந்து தூங்குகிறார்களாம், அதனால் சத்தம் போடாமல், சுருதிப் பெட்டி இல்லாமல், போனைத் தலையணை மேல் வைத்துப் பாடியிருக்கிறாள். பின்னால் ஹீட்டர் உறுமுகிறது. கூடவே ஒரு மெசேஜ்: "அப்பா, அங்கங்க கொஞ்சம் அவுட்டா இருக்கும். என் லேப்டாப்ல சுருதி திருத்துற சாஃப்ட்வேர் இருக்கு. லேசா பண்ணுங்க, ரொம்ப பண்ணிடாதீங்கப்பா." அந்தக் கடைசி நாலு வார்த்தையை நான் கண்ணால் பார்த்தேன், மச்சான், ஆனால் படிக்கவில்லை.

அவள் அறையில் அவள் மேசையில் உட்கார்ந்து அவள் விட்டுப்போன அந்த லேப்டாப்பைத் திறந்தேன். பாட்டை உள்ளே போட்டதும் திரையில் அவள் பாடிய சுரமெல்லாம் வரிசையாகக் கொழுக்கட்டை மாதிரி வந்து உட்கார்ந்தது. ஒவ்வொரு கொழுக்கட்டைக்கும் நடுவே ஒரு மெல்லிய கோடு நெளிந்து நெளிந்து ஓடுகிறது. பின்னால் படிக்கட்டு மாதிரி கோடுகள். சில கொழுக்கட்டை படியில் சரியாக உட்கார்ந்திருக்கிறது, சில இரண்டு படிக்கு நடுவில் தொங்குகிறது. எனக்குத் தாங்கவில்லை. என் பிள்ளை இப்படி அந்தரத்தில் தொங்கலாமா? ஒரு பொத்தான் இருந்தது, எவ்வளவு திருத்த வேண்டும் என்று கேட்டது. நூறு என்று வைத்தேன், பரீட்சையில் நான் ஒரு நாளும் வாங்காத மார்க்கு. இன்னொன்று வேகம் கேட்டது. பஸ்காரனிடம் வேகம் கேட்டால் என்ன சொல்வான்? ஆக வேகமாக வைத்தேன். எல்லாக் கொழுக்கட்டையும் டக்கென்று படியில் ஏறி உட்கார்ந்தன. நெளிந்த கோடெல்லாம் இஸ்திரி போட்ட யூனிபாரம் மாதிரி விறைத்து நின்றது. ஹீட்டர் சத்தத்தை எடுக்கிறேன் என்று இன்னொரு பொத்தானை அமுக்கினேன், அவள் மூச்சு வாங்கிய இடமெல்லாம் அதோடு போய்விட்டது. கேட்டுப் பார்த்தேன். என் காதுக்கு அது ரொம்பப் பெரிய இடத்துப் பாட்டு மாதிரித்தான் இருந்தது. பெருமையில், இடம் அடைக்கிறது என்று பழைய பதிவையும் அழித்துவிட்டேன்.

மிச்சம் தங்களுக்குத் தெரியும். ஒரு புண்ணியம், அன்றைக்குக் கோயில் விழாவைப் போனில் நேரடியாகக் காட்டும் லைவ், லைன் கிடைக்காமல் நின்றுபோனது, திவ்யா கேட்கவில்லை. தேவமலர் வீட்டுக்கு வந்து கதவைத் திறந்து விளக்கைப் போட்ட பிறகுதான் கேட்டாள்: "என் புள்ள கொரல எங்கங்க வச்சீங்க?" தொலைந்துபோன சாவியைக் கேட்பது மாதிரிதான் கேட்டாள். நானும் அனிச்சையாகச் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன்.

மறுநாள் அலோர் காஜாவில் கைருதீன் பாயின் துணிக்கடைக்குப் போனேன். துணி எடுக்க இல்லை. பாயின் வீட்டுக்காரி சாஹிரா நஷீது என்கிற இஸ்லாமியப் பக்திப் பாட்டுக்குப் பெண்கள் குழு ஒன்று வைத்து, கடைக்குப் பின்னால் ஸ்டோர் அறையிலேயே பாடிப் பதிவு செய்கிறார். சுற்றிலும் கூரை வரைக்கும் துணிக் கட்டு, நடுவில் ஒரு மைக், ஒரு கம்ப்யூட்டர். எதிரொலியை எல்லாம் துணி குடித்துவிடுமாம். அங்கே நாம் பேசினால் நம் பேச்சு நமக்கே ரகசியம் மாதிரி கேட்கிறது. நான் திருத்திய பாட்டைப் போட்டுக் காட்டினேன். அந்த அம்மா பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

"அண்ணே, என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

"சுருதி சேத்தேன்மா."

"சுருதி சேக்கல. எல்லாரையும் புடிச்சு ஸ்கூல் அசெம்பிளில நிக்க வச்சிருக்கீங்க. ஒருத்தர்கூட அசையல. பாவம்லா அந்தப் புள்ள."

முன்னால் கல்லாவிலிருந்து கைருதீன் பாய் குரல் கொடுத்தார்: "மூர்த்திண்ணே பஸ்ஸையும் அப்படித்தான் ஓட்டுவாரு. ரோட்டுல வளைவுன்னு ஒன்னு இருக்கறதே அவருக்குத் தெரியாது."

"நீங்க யாவாரத்தப் பாருங்க" என்று அவரை அடக்கிவிட்டு, சாஹிரா தன் குழுவில் ஒருத்தி பாடியதைத் திரையில் காட்டினார். "இந்தக் கோட்டப் பாருங்கண்ணே. இங்கேர்ந்து இங்க சறுக்கிட்டு வர்றா. இது தப்பு இல்ல. பாட்டே இதான். இந்தச் சாமான் வெள்ளக்காரன் பியானோவ நெனச்சுச் செஞ்சது, எல்லாரும் படிப்படியா ஏறணும்னு பாக்கும். நம்ம ஆளுங்க வழுக்கிட்டுப் போவோம். அதப் போய் நேராக்கினா என்னா மிச்சம்?"

"அப்ப எதத்தான் திருத்தறது?"

"கேட்டா வலிக்கிற எடத்த மட்டும். அதையும் நடுவால புடிச்சு லேசா தூக்குங்க, அந்த நெளிவு அப்படியே கூட வரணும். வேகத்தக் கொறைங்க. வீட்டுக்கு வர்ற ஆளு செருப்பக் கழட்டி வச்சிட்டு உள்ள வரட்டுமே, நீங்க வாசல்லயே கையப் புடிச்சு இழுத்துச் சுருதில தள்ளி வுடுறீங்க. அப்புறம் தனியாவே போட்டுப் போட்டுக் கேக்காதீங்க. மேளம், ஆர்மோனியத்தோட சேத்து வச்சுக் கேளுங்க. தனியா கேட்டா எல்லாமே தப்பாத்தான் தெரியும். ஆமா, மூச்ச ஏன் வெட்டுனீங்க?"

"அது ஏதோ சத்தம்னு நெனச்சேன்மா."

"சத்தம்தான். மனுசங்க விடற சத்தம்."

"சரிம்மா, இதையே எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமா நெளிவு வச்சுக் குடுக்க முடியுமா?" என்று கேட்டேன். கல்லாவில் பாய் சிரித்த சிரிப்பில் கடைக்கு வந்த ரெண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "மொதல்ல பாடுனது இருக்கணும்ணே, அது இல்லாம ஒன்னும் முடியாது" என்றார் சாஹிரா. நான்தான் அதை அழித்த மகராசன் ஆயிற்றே. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தால், தேவமலர் தன் ஹேண்ட்போனை நீட்டினாள். திவ்யா அவளுக்கும் அனுப்பியிருக்கிறாள். அதைத்தான் இத்தனை நாளும் சமையல்கட்டில் சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள் தங்கள் தங்கை. வெங்காயம் நறுக்கும்போது மட்டும்தான் கேட்பாளாம். கண்ணுக்கு ஒரு காரணம் வேண்டுமே. வீட்டில் ஏன் தினமும் இவ்வளவு வெங்காயச் சாம்பார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

இந்த முறை அவசரப்படவில்லை. முதலில் கை பழகட்டும் என்று, பாட்டைத் தொடாமல், திவ்யா அனுப்பிய ஒரு வாய்ஸ் மெசேஜை உள்ளே போட்டேன். "நான் நல்லா இருக்கேன்பா. இங்க எல்லாம் ஓகே." அவ்வளவுதான். அவள் எப்போதும் சொல்வது. காதால் கேட்டால் ஒன்றுமில்லை. திரையில் பார்த்தால் 'நல்லா' என்பது மேல் படியில் துள்ளிக்கொண்டு நிற்கிறது, 'இருக்கேன்பா' வரும்போது கோடு காற்றுப் போன டயர் மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி, அடிப்படியில் போய்ப் படுத்துக்கொள்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. கம்ப்யூட்டர் சுண்டெலியால் பிடித்து மேலே தூக்கினேன். 'இருக்கேன்பா'வும் துள்ளியது. போட்டுக் கேட்டேன். ரொம்ப நல்லா இருந்தாள். லிப்டில் வேலை பார்க்கிற பொம்பளை மாதிரி நல்லா இருந்தாள். பழையபடி இறக்கிவிட்டேன். இன்னொரு மெசேஜ் போட்டேன், போன மாதத்தது. அதிலும் அதே இடத்தில் இறங்குகிறது. தீபாவளிக்கு அனுப்பியது, அதிலும்தான். தாங்கள் தயவு செய்து இதை ஏக்கம் கீக்கம் என்று நினைத்துவிடக் கூடாது, மச்சான், இதெல்லாம் பயிற்சி. விமான நிலையத்தில் எல்லாரும் அழுதபோது, "எதுக்கு அழறீங்க, இந்தா பக்கத்துலதானே இருக்கு" என்று அதட்டியவன் நான். அயர்லாந்தைப் பக்கம் என்று சொன்ன ஒரே ஆள் இந்த மலாக்கா மாநிலத்திலேயே நானாகத்தான் இருப்பேன்.

தேவமலர் கதவோரம் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை.

"பாட்டத் திருத்தச் சொன்னா என்ன பண்றீங்க?"

"பழகறேன்."

"இங்க பாருங்க. நீங்க பாட்டுக்கு அவகிட்ட எதையாச்சும் சொல்லி வச்சிடாதீங்க. நான் அழுதாகூட அவ சமாளிச்சுக்குவா. நீங்க ஒரு வார்த்த கூப்பிட்டா போதும், அந்தக் கழுத பெட்டியத் தூக்கிட்டு வந்து வாசல்ல நிக்கும். காண்ட்ராக் முடியல, எழுத வேண்டிய பரீட்ச இருக்கு. ஆசப்பட்டுப் போன புள்ள."

"நான் ஏன் கூப்பிடப் போறேன்? இங்க இருந்தா பாத்ரூமுக்கு யாரு மொதல்ல போறதுன்னு சண்ட. இப்ப எவ்ளோ நிம்மதியா இருக்கு" என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வெங்காயம் நறுக்கப் போனாள்.

ஆகவே, மச்சான் அவர்களே, விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை இரதம் புறப்படும்போது பாட மலாக்கா டவுனிலிருந்து ஆள் பேசியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். நல்ல பாடகியாகத்தான் இருப்பார், அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் இந்தத் தடவை லைவ் கட்டாயம் ஓடும் என்று தாங்களே குரூப்பில் போட்டிருக்கிறீர்களாம், தேவமலர் படித்துக் காட்டினாள். இங்கே சாயங்காலம் என்றால் அங்கே பகல். திவ்யா அதற்காக ஒரு பிலிப்பினோ பெண்ணோடு டியூட்டியை மாற்றிக்கொண்டு போனும் கையுமாக உட்காரப் போகிறாள். அந்த நேரத்தில் வேறு குரல் வந்தால் பிள்ளை ஒன்றும் சொல்லமாட்டாள், "அவங்க நல்லா பாடுனாங்கப்பா" என்றுதான் சொல்வாள். அந்த வாய்ஸ் மெசேஜை நான் திரையில் போட்டுப் பார்க்க வேண்டிவரும். அது எங்கே போய் இறங்கும் என்று இப்போதே எனக்குத் தெரிகிறது. அவள் இடம் இங்கே காலியாகத்தான் இருக்கிறது, யாரும் உட்காரவில்லை என்று அவளுக்குத் தெரிய வேண்டும். அவ்வளவுதான் என் கோரிக்கை. நான் செய்த தப்புக்கு அவளைப் பாடாமல் நிறுத்தாதீர்கள். மோர்ப் பந்தலில் என்னை நிற்க வைத்து எல்லார் முன்னாலும் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

புதிய பதிவு பென் டிரைவில் இருக்கிறது, பென் டிரைவ் இதோடு அனுப்பியிருக்கிற முறுக்கு டின்னுக்குள் அடியில் இருக்கிறது. முறுக்கைத் தின்று முடித்தால்தான் கிடைக்கும் என்று வேண்டுமென்றே வைத்தேன். வயிறு குளிர்ந்த பிறகு கேட்டால் மனசும் குளிரும். சாஹிரா சொன்னபடி வலிக்கிற இடத்தை மட்டும் தொட்டு, நெளிவைக் கலைக்காமல், மூச்சை எல்லாம் வைத்த இடத்திலேயே வைத்து, மேளத்தோடு சேர்த்துக் கேட்டுக் கேட்டு முடித்திருக்கிறேன். தங்கள் பாட்டின் நாலு வரியும் சுத்தம். குறிப்பாக, "வாசலில் நிற்கிறேன் தாயே, வா என்று ஒரு சொல் சொல்லாயோ" என்ற அந்த நாலாவது வரியில் பிள்ளை கொஞ்சம் இறங்கிப் பாடியிருந்தாள், அதையும் தூக்கிச் சரியாக உட்கார வைத்துவிட்டேன். எந்த வித்வான் வந்து கேட்டாலும் ஒரு குறை சொல்ல முடியாது. ஹீட்டர் மட்டும் லேசாக உறுமும், அதை அம்மன் சிங்கம் என்று எடுத்துக்கொள்ளவும்.

அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். முட்டி வலிக்குத் தேவமலர் தைலம் கொடுத்தனுப்பியிருக்கிறாள், அதை டின்னுக்கு வெளியேதான் வைத்திருக்கிறேன், பயமில்லாமல் முறுக்கு சாப்பிடலாம். இரதம் நல்லபடியாகக் கிளம்பி, மழை பிடிக்காமல் சுற்றி வந்து, தங்கள் பாட்டும் தங்கள் பேரும் கடற்கரை வரைக்கும் ஒலிக்க அம்மனை வேண்டி, குரூப்பில் மறுபடி சேர்க்கப்படும் நாளை எதிர்பார்த்து நிற்கும்,

தங்கள் கீழ்ப்படிந்த மைத்துனன்,
கணேசமூர்த்தி.

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டு மறுபடி பிரித்து எழுதுகிறேன், கிழிசலுக்கு மன்னிக்கவும். மேலே நாலாவது வரியைச் சரி பண்ணிவிட்டேன் என்று எழுதியிருக்கிறேன் அல்லவா, அது பொய். மூன்று வரிதான் திருத்தியது. நாலாவதைப் பல தடவை தூக்கினேன், தூக்கினதையெல்லாம் இறக்கி வைத்துவிட்டேன். 'வா' என்கிற இடத்தில் குரல் சுருதியை விட்டுக் கீழே போய், அங்கேயே கொஞ்சம் நடுங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு அப்புறம்தான் மேலே வருகிறது. அப்படியே விட்டிருக்கிறேன். கோயில் தலைவர் கேட்டால் ஸ்பீக்கர் கோளாறு என்று சொல்லிவிடவும். நேற்று அவளே போன் அடித்தாள். "அந்த நாலாவது லைன் அவுட்டாயிருச்சுப்பா. சரி பண்ணிட்டீங்களா?" என்றாள். "பண்ணிட்டேன்மா, இப்ப யாருக்கும் தெரியாது" என்றேன். "சளிப்பா. அதான்." "தெரியும்மா." அப்புறம் அவளும் போனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. ரெண்டு பேரும் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. தாங்கள் அந்த வரியில் கேட்டிருப்பது ஒரே ஒரு சொல்தான் மச்சான், அதிலும் ஒரே எழுத்து. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. "வெந்நி குடிமா, கழுத்துக்குத் துணி சுத்திக்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டேன்.